பட்ஜெட்டில் எழுதப்படாத பற்றாக்குறை



புதுக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் அண்மையில் ஒரு சண்டை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தால் வந்த சண்டை. "மோடி ஆட்சியில பற்றாக்குறை 9 சதவீதத்தைத் தாண்டிருச்சு" என்று ஒரு தம்பி செல்போனை நீட்டினார். "காங்கிரஸ் ஆண்ட லட்சணத்துலதானே 1991-ல நாடே தங்கத்தை அடகு வெச்சுச்சு" என்று இன்னொருவர் எகிறினார். அரை மணி நேரம் ஓடியது. கந்தர்வகோட்டைப் பக்கத்திலிருந்து வரும் பொருளாதாரம் இரண்டாமாண்டு படிக்கும் தங்கை ஒருவர் அதுவரை பேசவே இல்லை. கடைசியில் கேட்டார்: "அண்ணே, பற்றாக்குறை கூடினா நமக்கு நல்லதா, குறைஞ்சா நல்லதா?"

எங்களில் யாரிடமும் சட்டென்று பதில் இல்லை. அந்தத் தங்கையின் கேள்விக்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். கடன் வாங்காமல் அரசுக்கு வரும் வரவைவிட அரசின் செலவு எவ்வளவு கூடுதலோ, அதுதான் நிதிப் பற்றாக்குறை. அந்த ஆண்டு அரசு வாங்க வேண்டிய கடன் என்றும் சொல்லலாம். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அது எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவார்கள். கடன் என்றாலே கெட்டது என்பதில்லை. வட்டிக்கு வாங்கிக் கல்யாணப் பந்தலை நீட்டுகிறவரும் உண்டு, வட்டிக்கு வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைக்கிறவரும் உண்டு. இரண்டும் கடன்தான். எதற்காக, யாருக்காக வாங்கப்பட்டது என்பதே கேள்வி. நாம் பார்க்கும் வாட்ஸ்அப் படங்களில் இந்தக் கேள்வி மட்டும் இருப்பதில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தவர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே.சண்முகம் செட்டி. ஏழரை மாதத்துக்கான பட்ஜெட் அது. வரவு சுமார் 171 கோடி, செலவு சுமார் 197 கோடி. செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு ராணுவத்துக்குப் போனது. அந்தக் கணக்கில் நம் ஊர் இல்லை. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானம். தனி கஜானா, அம்மன் காசு என்று தனிச் செப்புக்காசு எல்லாம் இருந்தது. 1948 மார்ச்சில்தான் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. ராஜா காசு போய் நேரு காசு வந்தபோது சேரியில் என்ன மாறியது என்று நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தத் தலைமுறை இப்போது அநேகமாக இல்லை.

ஒன்றிய நிதியமைச்சர்களில் தமிழர்கள் பலர் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம். சண்முகம் செட்டி, டி.டி.கிருஷ்ணமாச்சாரி, சி.சுப்பிரமணியம், ஆர்.வெங்கட்ராமன், ப.சிதம்பரம், நிர்மலா சீதாராமன். வெங்கட்ராமன் பிறந்த ராஜாமடமும் சிதம்பரத்தின் கண்டனூரும் நம் மாவட்டத்தை ஒட்டியவை, பஸ் பிடித்தால் போய்விடலாம். டெல்லியின் கல்லாப்பெட்டிச் சாவி நம் பக்கத்து ஊர்களுக்கு வந்து போயிருக்கிறது. நம் தெருக்களுக்கு வந்ததில்லை.

ஆனால் அந்தப் பெட்டி எப்படித் திறக்கும் என்று அவர்களுக்கெல்லாம் முன்பே படித்துவைத்திருந்தவர் நம் ஆள். அண்ணல் அம்பேத்கர் என்றால் அரசியலமைப்புச் சட்டம் மட்டும்தான் நம் பிள்ளைகளுக்கு நினைவு வருகிறது. அவர் முதலில் பொருளாதார அறிஞர். ரூபாயின் பிரச்சினை பற்றி 1923-லும், பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த விதம் பற்றி 1925-லும் நூல்கள் வெளியிட்டவர். மத்திய அரசும் மாகாணங்களும் வரியையும் செலவையும் எப்படிப் பங்கிட்டுக்கொண்டன என்பதுதான் இரண்டாவது நூலின் பொருள். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-ல், பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த, கஜானா திண்டாடிய காலம் அது. பணம் இல்லை என்ற பதிலை அப்போதே வாங்கிக்கொண்டு அவர் எழுந்து வந்திருந்தால் இன்று நம்மில் பலர் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டோம்.

நேரு காலத்து ஐந்தாண்டுத் திட்டங்கள் அணைகளையும் உருக்காலைகளையும் கட்டின. நமக்கென்று விடுதி, உதவித்தொகை என நலத்துறை வழியாகச் சிறு தொகை. நாட்டின் வளர்ச்சிச் செலவில் நமக்கு உரிய பங்கு என்ற பேச்சே அப்போது கிடையாது. அது வருவதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. பழங்குடியினருக்கான துணைத் திட்டம் 1974-75-ல் வந்தது. பட்டியலினத்தவருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டம் 1979-80-ல் வந்தது. இதன் பின்னால் இருந்தவர் உள்துறை அமைச்சகத்தில் பணியாற்றிய பி.எஸ்.கிருஷ்ணன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. கேரளத்துக்காரர், 2019-ல் காலமானார். ஜனதா ஆட்சியில் உருவான இந்தத் திட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லி, 1980 மார்ச்சில் மீண்டும் பிரதமரான இந்திரா காந்தி முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார்.

விதி எளிமையானது. மக்கள்தொகையில் நாம் எத்தனை சதவீதமோ, திட்டச் செலவில் அத்தனை சதவீதம் நமக்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். அது நமக்கு நேரடியாகப் பயன்பட வேண்டும். வேறெதற்கும் திருப்பக் கூடாது, செலவாகவில்லை என்று காலாவதியாகவும் விடக் கூடாது. நலத்துறை கிள்ளிக் கொடுப்பது என்ற நிலையிலிருந்து, எல்லாத் துறைகளின் செலவிலும் நமக்குப் பங்கு உண்டு என்ற நிலைக்கு வந்த திருப்பம் இது. இளைய தோழர்கள் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டை எங்கே என்றால், இது சட்டமாக வரவில்லை. வழிகாட்டுதலாக வந்தது. வழிகாட்டுதலை மீறினால் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை.

எண்பதுகளில் கடன் பெருகியது. ராஜீவ் காந்தி காலத்தில் ராணுவச் செலவும் மானியமும் வட்டியும் ஏற, 1990-91-ல் ஒன்றிய அரசின் பற்றாக்குறை உற்பத்தியில் சுமார் 8 சதவீதம். அந்நியச் செலாவணியும் வற்றியது. 1991-ல் சந்திரசேகர் ஆட்சியில் தொடங்கி நரசிம்ம ராவ் ஆட்சியிலும் தங்கம் விமானத்தில் வெளிநாடு போனது. ஜூலையில் இங்கிலாந்து வங்கிக்குப் போனது மட்டும் சுமார் 47 டன். ஜூலை 24 அன்று மன்மோகன் சிங்கின் பட்ஜெட். செலவைக் குறை, மானியத்தை வெட்டு, கதவைத் திற. இந்தக் கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.

அதே 1991-ல் புதுக்கோட்டையில் என்ன நடந்தது? அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். கூடவே சைக்கிள் ஓட்டக் கற்றார்கள், ஆயிரக்கணக்கில். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை எழுதித்தான் வெளியுலகம் அறிந்தது. நம் வீடுகளில் இன்று ஐம்பது அறுபது வயதில் இருக்கும் அம்மாக்களைக் கேளுங்கள். வாடகை சைக்கிளில் முட்டி பேர்ந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். "பின்னாடி பிடிச்சுக்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு விட்டுட்டாங்கப்பா" என்று எங்கள் அம்மாக்களில் ஒருவர் இன்றும் கோபித்துக்கொள்வார்.

சைக்கிளைவிடப் பெரிய சங்கதி கல் குவாரி. நம் மாவட்டத்தின் குவாரிகளில் உடைத்தவர்கள் பெரும்பாலும் நம் மக்கள், அதிலும் பெண்கள். குத்தகை ஒப்பந்தக்காரர்களிடம். கொத்தடிமையைப் போன்ற நிலை. அந்தக் குவாரிகளில் பலவற்றை அங்கே கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே அரசு குத்தகைக்கு விட்டது. கையில் வந்த காசு கூடியது. வீட்டில் உலை நேரத்துக்குக் கொதித்தது. இதில் பட்ஜெட் காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: அரசுக்குக் கிடைத்த வருவாயும் கூடியது. ஏனென்றால் இந்தப் பெண்கள் உடைத்த கல்லுக்கு ஒழுங்காகக் கணக்குக் காட்டினார்கள். அதுவரை அந்தக் கணக்கு எந்தப் பாதாளத்தில் போனது என்று யாரும் ஒப்பந்தக்காரர்களிடம் கேட்டதில்லை.

டெல்லியில் பற்றாக்குறையைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்த அதே மாதங்களில், வரவைக் கூட்டும் வழியைக் கல்லுடைக்கும் பெண்கள் காட்டினார்கள். அந்த வழியை யாரும் பின்பற்றவில்லை. ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பில் அந்த ஏற்பாடு நீண்ட நாள் நிற்கவும் இல்லை. அரசுக்குப் பணம் இல்லை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு இந்தக் குவாரிகள்தான் நினைவுக்கு வருகின்றன. வரவேண்டிய பணத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காமல் செலவை மட்டும் வெட்டுவது அன்று தொடங்கிய பழக்கம்.

வெட்டு பல வடிவங்களில் வந்தது. 1997 ஜூனில் ஐக்கிய முன்னணி ஆட்சி ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. தமிழ்நாடு எல்லோருக்கும் ரேஷன் என்பதை விடாமல் பிடித்துக்கொண்டதால் நாம் தப்பினோம். வாஜ்பாய் ஆட்சியில் 2001-02-ல் பற்றாக்குறை சுமார் 6 சதவீதம். அதைத் தொடர்ந்து 2003-ல் நிதிப் பொறுப்புச் சட்டம் வந்தது. பற்றாக்குறையை 3 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டது. தமிழ்நாடும் அதே ஆண்டு தனக்கொரு சட்டம் போட்டுக்கொண்டது.

இங்கே கொஞ்சம் நிற்போம். 3 சதவீதம் என்ற எண்ணுக்குச் சட்டம் கிடைத்தது. 1979-ல் நமக்குச் சொன்ன சதவீதத்துக்கு 24 ஆண்டுகளாகியும் சட்டம் இல்லை. ஒரே அரசின் இரண்டு வாக்குறுதிகள். கடன் கொடுத்தவருக்குக் கொடுத்த வாக்குறுதிக்கு முத்திரை, நமக்குக் கொடுத்ததற்கு ஒரு சுற்றறிக்கை.

அந்த ஆண்டுகளில் சிக்கனம் தமிழ்நாட்டில் எப்படி வந்தது என்பது எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். 2001 இறுதியில் ஜெயலலிதா அரசு புதிய அரசு வேலை நியமனங்களுக்குத் தடை போட்டது. 2006-ல்தான் நீங்கியது. நாங்கள் அப்போது பள்ளியில். எங்கள் அண்ணன்மார் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து வயதைக் கடந்தார்கள். நியமனமே இல்லையென்றால் இட ஒதுக்கீடு எங்கிருந்து வரும்? இட ஒதுக்கீட்டை ஒழிக்க யாரும் அரசியல் சட்டத்தைத் திருத்தத் தேவையில்லை. நிதித்துறையிலிருந்து ஒரு தாள் போதும்.

"அதெல்லாம் பஞ்ச காலம், பணம் இருந்தால் கொடுப்பார்கள்" என்று நினைக்கிறவர்களுக்காக அடுத்த பத்தாண்டு. மன்மோகன் சிங் பிரதமர். வளர்ச்சி ஓடியது, வரி கொட்டியது, 2007-08-ல் பற்றாக்குறை 2.5 சதவீதத்துக்கு இறங்கியது. நூறு நாள் வேலைச் சட்டம் 2005-ல் வந்து 2008 ஏப்ரலில் நாடு முழுவதும் விரிந்தது. நம் பெண்கள் பண்ணையார் சொன்ன கூலியை மறுத்துப் பேசும் தெம்பை அதுதான் கொடுத்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். உலக நெருக்கடியில் 2009-10-ல் பற்றாக்குறை மறுபடி ஆறரை சதவீதத்துக்குப் போனபோதும் அந்தச் செலவு நிற்கவில்லை.

அதே ஆட்சிக் காலத்தில்தான் காமன்வெல்த் போட்டியும் நடந்தது. 2010-ல் டெல்லி அரசு பட்டியலினத்தவருக்கான சிறப்பு உட்கூறு நிதியிலிருந்து சுமார் 678 கோடி ரூபாயை அந்தப் போட்டிக்குத் திருப்பியது வெளியே வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தித் தோண்டியவர்கள் நம் இயக்கத் தோழர்கள். நாடாளுமன்றத்தில் அன்றைய உள்துறை அமைச்சர் சிதம்பரம் திருப்பியது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பணம் இல்லாத காலம் அல்ல அது. நம் பணம் எடுக்க வசதியாக இருந்த காலம். அந்த ஆண்டு திட்டக் குழு அமைத்த நரேந்திர ஜாதவ் குழுவின் பரிந்துரையால்தான், துறைவாரியாக நமக்கு ஒதுக்கும் தொகையைத் தனி அட்டவணையாகக் காட்டுவது ஒழுங்குக்கு வந்தது. கணக்குப் புத்தகத்தில் நமக்கான சிறு தலைப்பின் எண் 789. இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

2014-ல் ஆட்சி மாறியது. திட்டக் குழு கலைக்கப்பட்டு 2015 தொடக்கத்தில் நிதி ஆயோக் வந்தது. 2017-18 பட்ஜெட்டிலிருந்து திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவே போனது. கேட்பதற்கு அலுவலகச் சீர்திருத்தம் போலத்தான் இருக்கும். ஆனால் நமக்குச் சேர வேண்டிய பங்கு திட்டச் செலவில்தானே கணக்கிடப்பட்டது? அளக்கும் மரக்காலையே உடைத்துவிட்டு இப்போது அளந்துகொள் என்றார்கள். உட்கூறுத் திட்டம் என்ற பெயரும் போய், பட்டியலினத்தவர் நலனுக்கான ஒதுக்கீடு என்று ஆனது. உரிமையாக இருந்தது மறுபடி நலமாகிவிட்டது.

2022-23 பட்ஜெட்டை வட்டத்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். மொத்தச் செலவு சுமார் 39 லட்சத்து 45 ஆயிரம் கோடி. அதில் வட்டி மட்டும் 9.4 லட்சம் கோடி. வட்டி, ராணுவம், ஓய்வூதியத்தில் பங்கு கேட்பது நியாயமில்லை, விடுவோம். ஒன்றிய அரசின் திட்டங்களுக்கும் ஒன்றிய அரசு நிதியுதவி செய்யும் திட்டங்களுக்கும் சேர்த்துச் சுமார் 16 லட்சம் கோடி. 2011 கணக்கெடுப்பின்படி நாம் 16.6 சதவீதம். அப்படியானால் சுமார் 2 லட்சத்து 66 ஆயிரம் கோடி வர வேண்டும். ஒதுக்கியதாகக் காட்டியது சுமார் 1 லட்சத்து 42 ஆயிரம் கோடி. சில துறைகளின் செலவைப் பிரிக்க முடியாது என்று அரசு சொல்கிறது. அதற்குக் கொஞ்சம் கழித்தாலும் பள்ளம் பள்ளம்தான். ஒதுக்கியதிலும் நமக்கென்றே நேரடியாக வகுத்த திட்டங்களுக்குப் போனது பாதிக்கும் குறைவு. மீதியில் உர மானியத்தில் நம் பங்கு, தொலைத்தொடர்பில் நம் பங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சென்ட் நிலம் இல்லாதவர் பெயரில் யூரியா.

நிதிப் பற்றாக்குறையைத் தசம புள்ளி வரை எழுதுகிறார்கள். 2019-20-ல் 4.6, கொரோனா ஆண்டில் 9.2, பிறகு படிப்படியாக இறக்கம். இந்த இன்னொரு பற்றாக்குறை, அதாவது நமக்கு வர வேண்டியதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம், எந்த நிதியமைச்சரின் உரையிலும் ஒரு வரியாகக்கூட வந்ததில்லை. எந்தக் கட்சியின் நிதியமைச்சராக இருந்தாலும்.

இது தெருவுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு உதவித்தொகையே சாட்சி. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒவ்வொரு ஐந்தாண்டுத் திட்டம் முடியும்போதும், அந்தக் கடைசி ஆண்டின் செலவளவு முழுதும் மாநிலத்தின் பொறுப்பாகிவிடும். அதற்கு மேல் ஆவதுதான் ஒன்றியத்தின் பங்கு. 12-ஆவது திட்டம் 2017-ல் முடிந்தபோது தமிழ்நாட்டின் தலையில் விழுந்த ஆண்டுச் சுமை 1,500 கோடிக்கு மேல். ஒன்றியம் கணக்கில் சிக்கனமானது, மாநிலம் கையைப் பிசைந்தது, கல்லூரிகள் மாணவரைப் பிடித்தன. 2018-ல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகை இல்லை என்ற விதியும் வந்தது. அந்த நாட்களில் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவருக்காக ஒரு தனியார் கல்லூரிக்கு நாங்கள் நான்கு முறை நடந்தோம். படிப்பை முடித்துவிட்டார், அரியர் இல்லை. உதவித்தொகை வரவில்லை, பணத்தைக் கட்டிவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள் என்றார்கள். அவருடைய அம்மா கம்மலை அடகு வைத்து வாங்கினார். 1991-ல் நாடு தங்கத்தை அடகு வைத்ததை வரலாறு எழுதியது. இந்தக் கம்மல் எந்தப் பற்றாக்குறையைச் சரிக்கட்டியது என்று யார் எழுதுவது?

போராட்டங்களுக்குப் பிறகு 2020 டிசம்பரில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்று விகிதம் மாற்றப்பட்டது. அது நல்ல மாற்றம்தான். கத்தியதால் வந்தது.

நூறு நாள் வேலைக்கும் இந்தக் கதி வந்தது. கொரோனா ஆண்டில் ஒரு லட்சத்து 11 ஆயிரம் கோடி வரை போன செலவுக்கு 2023-24 பட்ஜெட்டில் ஒதுக்கியது 60 ஆயிரம் கோடி. 2021-22-ல் இன்னொரு கூத்து: பட்டியலினத்தவர், பழங்குடியினர், மற்றவர் என்று கூலியைத் தனித்தனியாகப் பிரித்துப் போடச் சொன்னார்கள். ஒரே கண்மாயில் ஒன்றாக மண் வெட்டியவர்களுக்கு வேறு வேறு நாளில் கூலி. "உங்க ஆளுகளுக்கு மட்டும் எப்படி வந்துச்சு" என்று வேலைத்தளத்தில் சாதிப் பேச்சு எழுந்தது. எதிர்ப்பு கிளம்பிய பின் கைவிட்டார்கள்.

டெல்லியை மட்டும் திட்டிவிட்டு எழுந்துபோவதும் நேர்மையில்லை. தன் துணைத் திட்டத்துக்குச் சட்டமே வைத்திருக்கும் கர்நாடகத்தில், 2023-ல் காங்கிரஸ் அரசு தன் தேர்தல் வாக்குறுதித் திட்டங்களுக்கு அந்த நிதியிலிருந்து 11 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் எடுத்தது. தமிழ்நாட்டில் 2024-ல்தான் இதற்குச் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் எடுக்க முடியும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே பாடம்.

பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றும் வட்டத்தில் ஒருவர் கேட்டார். கேட்கத்தான் வேண்டும், நாம் வேங்கைவயல் இருக்கும் மாவட்டத்துக்காரர்கள். அரசுப் பணத்தில் கட்டிய மேல்நிலைத் தொட்டிதான் அது. 2022 டிசம்பரில் அதில் மலம் கலக்கப்பட்டது. விசாரணை என்ற பெயரில் ஆண்டுகள் போய், 2025 ஜனவரியில் அந்தத் தெரு இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. தொட்டி கட்டியதைச் செலவுக் கணக்கில் எழுதலாம். அந்தத் தண்ணீரைக் குடித்ததை எந்தத் தலைப்பில் எழுதுவது? பணம் போதாது என்பது உண்மை. அதற்காகப் பணத்தைக் கேட்காமல் இருக்க முடியாது. இரண்டு சண்டையும் சேர்ந்தேதான் நடக்க வேண்டும்.

கந்தர்வகோட்டைத் தங்கையிடம் இதையெல்லாம் சொன்னோம். பற்றாக்குறை கூடிய ஆண்டுகளில் சிக்கனம் என்று நம்முடையதை வெட்டினார்கள். குறைந்த ஆண்டுகளில் நம்முடையதைக் கொண்டு மைதானம் கட்டினார்கள். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, "அப்ப அந்த 789-ல நம்ம மாவட்டத்துக்கு எவ்வளவு வந்துச்சுன்னு யார்கிட்டண்ணே கேக்கணும்?" என்றார்.

அடுத்த ஞாயிறு அதற்கான தகவல் உரிமை மனுவை எழுதுகிறோம். மூன்று கேள்விகள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆதிதிராவிடர் துணைத் திட்டத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துக்குத் துறைவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்தெந்தக் குடியிருப்புகளில் என்ன வேலைக்கு. மூன்றாவது கேள்வி தங்கை சேர்த்தது. வருகிறவர்கள் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒன்றும் உங்கள் ஊராட்சியின் பெயரும் கொண்டு வாருங்கள். ஆளுக்கொரு மனு.